பிழைக் கணக்கின் முன் இருவர்

ஐம்பத்திரண்டில் இருபத்தேழைக் கழித்தால் முப்பத்தைந்து என்று எழுதும் பிள்ளையைச் சந்தித்திராத ஆரம்பப் பிரிவு ஆசிரியர் எவரும் இருக்க முடியாது. பத்தினிடத்திலே ஐந்திலிருந்து இரண்டு போக மூன்று என்று அந்தப் பிள்ளை எழுதுகிறது. ஒன்றினிடத்துக்கு வந்ததும் இரண்டிலிருந்து ஏழு போகாதென்று கண்டு, ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று முடித்துவிடுகிறது. இதைக் கவனக் குறைவு என்று சொல்லிக் கடந்துபோவது நம்மிடையே சம்பிரதாயமாகிவிட்டது. எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்கலாகாது என்று முதலிரண்டு தரங்களிலும் ஆசிரியரே ஓதி ஓதிப் பதியவைத்த ஒரு விதியை, அது செல்லாத இடத்துக்கும் விசுவாசத்தோடு கொண்டுசென்ற காரியம் அது. அதே கொப்பியின் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால், 46இலிருந்து 23, 78இலிருந்து 35 என்றாற் போன்ற கணக்குகளெல்லாம் சரியாகவே இருக்கும்; பிள்ளை நேற்றுச் செய்ததைத்தான் இன்றும் செய்தது, இன்றைய எண்கள் மட்டும் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்பது அப்போது விளங்கும்.

இன்னும் சற்று உள்ளே போகலாம். அறுபதில் பதினான்கைக் கழிக்கச் சொன்னால் இந்தப் பிள்ளை 54 என்று எழுதும். பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளையோ 50 என்று எழுதும். ஏனெனில், பூச்சியத்தில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாததிலிருந்து எதை எடுத்தாலும் ஒன்றுமில்லை என்பது அதன் சித்தாந்தம். இரண்டு விடைகளும் பிழையே. ஆயினும் அவை ஒரே பிழையல்ல. முதற்பிள்ளைக்கு வேண்டிய பரிகாரத்தை இரண்டாவது பிள்ளைக்குக் கொடுத்தால் அதற்குக் குழப்பமே மிஞ்சும். 1978 ஆம் ஆண்டில் ஜோன் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்னும் இரு அமெரிக்கர் இத்தகைய கழித்தற் பிழைகளையெல்லாம் சேகரித்து வகைப்படுத்தி, ஒரு குறிப்பிட்ட பிழையைத் தவறாமல் செய்யும் மாணவனைப் போலக் கணினியை நடிக்கவைத்து, ஆசிரிய மாணவர்களை அதன் முன் உட்கார வைத்தார்கள். ஆசிரியராகப் போகிறவர் ஒவ்வொரு கணக்காகக் கொடுத்துப் பார்த்து, எந்த விதியின்படி அந்தப் பொய் மாணவன் பிழைக்கிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும். கணித ஆசிரியருக்கான பயிற்சிகளுள் இதைக் காட்டிலும் கூர்மையான ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. கற்பிக்கும் முறை இன்னதென்று அது எதையும் போதிப்பதில்லை. பிழையைப் படிக்கும் கண்ணை மட்டுமே அது பழக்குகிறது.

அந்தக் கண் தானாக வருவதில்லை என்பதே இங்கு நான் சொல்ல நினைப்பது. முப்பது கொப்பிகளைத் திருத்தும் அவசரத்தில் தனித்திருக்கும் ஓர் ஆசிரியருக்குப் பிழை பிழையாகவே தெரியும்; அருகில் இன்னொருவர் அமர்ந்து, "இந்தப் பிள்ளை என்ன நினைச்சு இப்படிப் போட்டிருக்கும், டீச்சர்?" என்று கேட்கும்போதுதான் அது ஒரு கருத்தாகத் தெரியத் தொடங்கும். வாண்மை விருத்தி என்றும் ஆசிரிய ஆலோசனை என்றும் இன்று நாம் வழங்கும் பெரிய ஏற்பாடுகளின் பிரயோசனத்தை, அந்த இன்னொருவர் வந்தாரா, வந்து எதைப் பார்த்தார் என்ற கேள்வியைக்கொண்டே நான் அளப்பேன்.

நமது மலையகத்தின் தோட்டப் பாடசாலைக்கு இப்படி வெளியாள் வந்த சரித்திரத்தை எண்ணிப் பார்த்தால், வந்தவர்கள் பெரும்பாலும் எண்ணவே வந்திருக்கிறார்கள். 1870இல் இலங்கையில் உதவி நன்கொடை முறை ஏற்பட்டபோது, இங்கிலாந்தின் முன்மாதிரியைப் பின்பற்றி, பரீட்சையில் எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அதற்கேற்பவே பணம் என்று விதித்தார்கள். வித்தியாதரிசி என்ற பெயரைக் கேட்டதும் உபாத்தியாயரின் கை நடுங்கும் பழக்கம் அங்கிருந்து ஆரம்பமாயிற்று எனலாம். 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்துத் தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி அளிக்கும் கடமையைத் துரைமாரின் மேல் சுமத்தியது. சுமத்தியது என்பதே பொருத்தமான சொல். அவர்கள் அதைச் சுமையாகத்தான் கொண்டார்கள். பெரட்டுக் களத்துக்குப் பக்கத்துக் கொட்டிலில், எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி வீட்டுப் பையனோ கணக்கப்பிள்ளைக்கு வேண்டியவரோ ஆசிரியராக நிற்க, மேற்பார்வைக்கு வந்தவர் தலைகளை எண்ணிவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டு ஒன்று அவனுடைய வாழ்வையே கட்டிப்போட்டிருந்ததென்பதையும், 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டதென்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தன் பேரில் எழுதப்பட்ட கூட்டலைச் சரிபார்க்க இயலாத ஒரு ஜனசமூகத்தின் பிள்ளைகளுக்குக் கணிதம் எத்தனை அவசியமான வித்தையோ, அத்தனைக்கு அலட்சியமாகவே அது அவர்களுக்குக் கிடைத்தது.

காணிச் சீர்திருத்தத்தையொட்டி 1970களில் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. சுவீடன் தேசத்தின் உதவியால் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மனியின் உதவியால் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாகி, லயத்துப் பிள்ளைகளே பயிற்றப்பட்ட ஆசிரியர்களாகி லயத்துக்குத் திரும்பும் வழி திறந்தது. மலையகத்தின் சரித்திரத்தில் இது அற்ப காரியமல்ல. ஆயினும் 2015 அளவில் வெற்றிடங்களை நிரப்ப வேண்டி உயர்தரம் சித்தியடைந்த இளைஞரையும் யுவதிகளையும் ஆசிரிய உதவியாளர் என்ற பெயரில் ஆயிரக்கணக்காகச் சேர்த்தபோது, அவர்களுக்குக் கொடுத்தது மாதம் 6,000 ரூபா. பிற்பாடு அது 10,000 ஆயிற்று. பயிற்சி பின்னால் வரும், வகுப்பு முதலில் என்பதே அந்த நியமனத்தின் தாற்பரியம். வெண்கட்டியைக் கையில் எடுத்த முதல் நாளிலிருந்து கோட்டகலைக் கலாசாலைக்கு அழைப்பு வரும் நாள்வரை அவர்கள் யாரிடம் கேட்டுக் கற்பித்தார்கள் என்று எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. தாம் படித்த காலத்தில் தம் ஆசிரியர் எப்படிச் சொல்லித்தந்தாரோ அப்படியே சொல்லித்தந்தார்கள்; சிறியதிலிருந்து பெரியது போகாது என்ற வாக்கியமும் இவ்வாறுதான் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது.

கேகாலை மாவட்டத்து யட்டியாந்தோட்டையின் நிலைமை இதில் ஒரு விசேஷ வகை. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் தமிழ்ப் பாடசாலைகள் ஒன்றையொன்று கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பது போல இங்கில்லை. களனி கங்கையின் பள்ளத்தாக்கில், ரப்பரும் தேயிலையுமாகக் கலந்து கிடக்கும் பனாவத்தை, வீஓயா முதலிய தோட்டங்களிலே சிதறிக் கிடக்கும் தமிழ்மொழிப் பாடசாலைகள், சிங்களமொழிப் பாடசாலைகளே பெரும்பான்மையாயுள்ள தெஹியோவிட்ட வலயத்தின் ஓரங்களில் ஒதுங்கி நிற்கின்றன. கேகாலை மாவட்டத்தில் மலையகத் தமிழர் நூற்றுக்கு ஐவர் அளவினரே. ஆகவே வலயத்தில் நடக்கும் செயலமர்வு பெரும்பாலும் பெரும்பான்மையோரின் மொழியில் நடப்பதும், தமிழில் வரவேண்டிய வழிகாட்டி நூல் பிந்தி வருவதும், தமிழ்மொழி மூல ஆரம்பக் கணிதத்துக்கென்று ஆலோசகர் ஒருவர் இருந்தால் அவர் மலைக்கு மலை பஸ் மாறித் திரிவதும் யாரோ ஒருவரின் துர்நோக்கத்தால் நேர்வன அல்ல. எண்ணிக்கையில் சிறுத்தவர்களுக்கு எந்த நிருவாகத்திலும் நேர்கிற கதியே இது. மகரகமையிலே தேசிய கல்வி நிறுவகம் கீழே இருக்கிறது, பத்தனையும் கோட்டகலையும் மேலே இருக்கின்றன. கினிகத்தேனைக்கு ஏறும் தெரு இரண்டுக்கும் இடையே இந்த ஊர் வழியாகப் போகிறது, ஆனால் தெருவில் போகிற ஞானம் இங்கே இறங்குவது அரிது.

இறங்கினாலும் எந்த ரூபத்தில் இறங்குகிறது என்பது அடுத்த விஷயம். இரண்டு நாள் செயலமர்வு, காலையில் வரவேற்பும் மங்கல விளக்கும், தேர்ச்சிமையக் கலைத்திட்டம், ஐந்து படிமுறை, செயற்பாட்டு வழிக் கற்றல் என்று பலகையில் சொற்கள், மத்தியானச் சோறு, மாலையில் நிழற்பிரதிக் கட்டு ஒன்று. இவை பயனற்றவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தோட்டங்களிலே புதிதாக ரப்பர்ப் பால் வெட்ட வருகிறவருக்கு இவ்வாறு யாரும் வித்தை சொல்லித்தருவதில்லை. சீக்கிரம் தறிக்கப்படப்போகிற கிழட்டு மரங்களில் அவரைப் பழகவிட்டு, கைதேர்ந்த ஒருவர் பின்னால் நின்று, கத்தி பட்டையின் உயிர்ப் படலத்தைத் தொட்டுவிடாமலும் தொடாமல் மேலோடு போய்ப் பாலின்றி வறண்டுவிடாமலும் எந்த ஆழத்தில் நிற்க வேண்டுமென்று அவருடைய கையைப் பிடித்துத் திருத்துகிறார். மரத்துக்குக் காயம் பட்டால் வருஷக்கணக்கில் முடிச்சுத் தெரியும் என்பதால் தோட்டம் அந்த ஜாக்கிரதையை எடுக்கிறது. பிள்ளையின் மனத்தில் விழும் முடிச்சு தோட்டத்து வேலைப்பதிவேடான செக்ரோலில் பதிவாவதில்லை.

அமெரிக்காவில் புரூஸ் ஜோய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்னும் இருவர் 1980களின் தொடக்கத்திலேயே, விரிவுரையும் செய்துகாட்டலும் மட்டும் வகுப்பறைக்குப் போய்ச் சேர்வதில்லை, கூட இருந்து கைகொடுப்பவர் ஒருவர் வேண்டுமென்று எழுதிவிட்டார்கள். 2018இல் மத்தியூ கிராஃப்டும் அவருடைய சகாக்களும் இத்தகைய துணையாலோசனை பற்றிய 60 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, ஆசிரியரின் கற்பித்தலிலும், அதைவிடக் குறைந்த அளவில் மாணவரின் பேறுகளிலும் நற்பலன் உண்டென்று கண்டார்கள். அவர்கள் கண்ட இன்னொன்றை நமது திட்டக்காரர் சௌகரியமாக மறந்துவிடுவர்: ஏற்பாடு சிறிதாயிருந்தபோது தெரிந்த பலன், அதைப் பெரிதாக விரித்தபோது குறைந்தது. ஒரு மாகாணம் முழுவதற்கும் ஒரே நாளில் ஆலோசனை ஆரம்பமாகிறது என்ற செய்தியைப் பத்திரிகையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

கணித ஆசிரியரின் அறிவைப் பற்றி இக்காலத்தில் எழுதப்பட்ட நூல்களுள் தலையாயது லிப்பிங் மா என்ற சீனப் பெண்மணி 1999இல் வெளியிட்ட நூல். அவருடைய ஜீவிய சரித்திரமே தோட்டத்து ஆசிரியர் ஒருவரின் கதையைப் போலிருக்கும். கலாசாரப் புரட்சியின்போது எட்டாம் வகுப்போடு படிப்பு நின்று, ஷங்ஹாய் நகரிலிருந்து தென்சீனத்து மலைக் கிராமமொன்றுக்கு அனுப்பப்பட்டவர். அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்ற ஒரே காரணத்தால் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வைக்கப்பட்டவர். பிற்காலத்தில் அமெரிக்கா சென்று அவர் செய்த ஆராய்ச்சியில், 23 அமெரிக்க ஆசிரியரையும் 72 சீன ஆசிரியரையும் நான்கு கேள்விகள் கேட்டார். அவற்றுள் ஒன்று, ஒன்றேமுக்காலை அரையால் வகுக்க வேண்டும், வகுத்து அதற்கொரு கதையும் சொல்ல வேண்டும் என்பது. சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற அமெரிக்க ஆசிரியருள் வகுத்துச் சரியான விடை கண்டவர் 9 பேர்; பொருத்தமான கதை சொன்னவர் ஒருவரே. ஒன்பதாம் வகுப்புக்குப் பின் இரண்டு மூன்று வருஷப் பயிற்சியோடு ஆசிரியரான சீனரோ 72 பேரும் சரியாக வகுத்தார்கள், பெரும்பாலோர் கதையும் சொன்னார்கள். சீனத்துப் பாடசாலைகளில் ஒரே பாடத்தைக் கற்பிப்போர் குழுவாகக் கூடி, அடுத்த வாரத்துப் பாடத்தை வரிவரியாக ஆராய்வதும் ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்கார்ந்து பார்ப்பதும் உத்தியோகத்தின் ஓர் அங்கம். உத்தியோகம் ஏற்ற பின்னரே அவர்களுடைய அறிவு முதிர்கிறது என்பது மாவின் கட்சி.

ஒன்றேமுக்காலை அரையால் வகுக்கும் இந்தக் கேள்வியை யட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில், பாடசாலை விட்டபின் கூடிய சில ஆசிரியர்களிடம் ஓர் ஆலோசகர் கேட்டபோது நானும் ஓரமாக இருந்தேன். ஆரம்பத் தரங்களில் இந்தக் கணக்கு இல்லையே என்று ஒருவர் சொன்னார். பிள்ளைக்கில்லை, நமக்குத்தான் என்றார் ஆலோசகர். அநுபவஸ்தரான ஓர் ஆசிரியை, ஒன்றேமுக்கால் லீற்றர் ரப்பர் பாலை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டால், என்று தொடங்கினார். பாதியாகப் பிரிப்பதையும் பாதியால் வகுப்பதையும் ஒன்றாகக் கொள்ளும் இந்த மயக்கம் மாவின் அமெரிக்க ஆசிரியர் பலருக்கும் நேர்ந்ததே. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு, தகப்பனார் பால் வெட்டுகிறவரான ஓர் இளம் ஆசிரியை, "சேர், ஒன்னேமுக்கா லீற்றர் பால அரை லீற்றர் போத்தல்ல ஊத்தினா எத்தன போத்தல் வரும்னு கேக்கலாமா?" என்றார். அப்படிக் கேட்கலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கணக்கும் செய்தார்கள், விடை மூன்றரை.

அங்கேதான் வேடிக்கை ஆரம்பித்தது. பங்கிடும் கதையைத் தொடங்கிய ஆசிரியை, மூன்று போத்தல் நிரம்பிய பின் மிஞ்சுவது கால் லீற்றர்தானே என்றார். ஒன்றரை லீற்றர் போக ஒன்றேமுக்காலில் மிச்சம் கால். "மூணும் காலும்தானே சேர் வரணும்? மூணரை எப்பிடி?" அவருடைய கழித்தல் முற்றிலும் சரி, விடையும் சரி, இரண்டும் ஒத்துப்போகவில்லை. கூட்டத்தில் ஒருவர் வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கும் பழைய வாய்பாட்டைச் சொல்லி நிலைநாட்டப் பார்த்தார். வாய்பாடு சரியென்பதை ஒருவரும் மறுக்கவில்லை, ஏன் சரியென்பதுதானே விவகாரம். ஆலோசகர் அந்த இடத்தில் வாய் திறவாமல் இருந்ததை நான் மிகவும் மெச்சினேன். பத்து வருஷம் பிரசங்கம் செய்த ஒருவருக்கு அது இலகுவான காரியமல்ல. கடைசியில் இளம் ஆசிரியையே மேசைமேல் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி, கால் லீற்றர் இதில் எவ்வளவு மட்டத்துக்கு நிற்கும் என்று விரலால் காட்டினார். பாதி மட்டத்துக்கு நின்றது. லீற்றருக்குக் காலாக இருப்பது போத்தலுக்கு அரையாகிவிடுகிறது. அளவு மாறவில்லை, அளக்கும் அலகுதான் மாறிற்று. பின்னங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நேரும் சங்கடங்களிலே பெரும்பகுதி, எதனுடைய அரை, எதனுடைய கால் என்ற கேள்வியை நாம் கேட்காமல் விடுவதால் வருவதே. அந்த மத்தியானம் அங்கிருந்தவர்கள் இதை ஒரு கையேட்டிலிருந்து பெறவில்லை. தமக்குள் சண்டைபிடித்துப் பெற்றார்கள்.

எதனுடைய அரை என்பது தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் புதிய கேள்வியுமல்ல. நாளொன்றுக்கு விதித்த நிறையைக் கொண்டுவராத தாய்க்குக் கணக்கில் அரைப்பேர் விழுகிறது. அது அரை நாள் வேலைக்குரிய அரையல்ல, முழு நாள் வேலைக்குக் கிடைத்த அரை என்பதை வீட்டிலே அடுப்படியில் கேட்டே அந்தப் பிள்ளை வளர்கிறது. மரத்தைச் சுற்றி அரைச்சுற்றுக்கு வெட்டி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பால் எடுக்கும் முறையில் பின்னம் பட்டையிலேயே கோடாக இருக்கிறது. வாளியில் வந்த பாலுக்குள் மெட்ரோலக் என்னும் மிதவைக் கோலை இறக்கி, இத்தனை லீற்றருக்கு இத்தனை கிலோ உலர் ரப்பர் என்று தீர்மானிக்கும்போது, மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் ரப்பர், மற்றதெல்லாம் நீர் என்பது தகப்பனின் முகத்தில் தெரியும். இவற்றையெல்லாம் பாடத்துக்குள் கொண்டுவரலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அப்பிளுக்குப் பதிலாகக் கொழுந்தையும், ரயிலுக்குப் பதிலாகக் கொழுந்து லொறியையும் கணக்கில் போட்டுவிட்டால் சூழலோடு இணைத்துவிட்டோம் என்று திருப்திப்படும் ஒருவகை ஆலோசனை நம்மிடையே பெருகிவருகிறது. 52இலிருந்து 27 கிலோ கொழுந்தைக் கழிக்கச் சொன்னாலும் அந்தப் பிள்ளை 35 கிலோ என்றுதான் எழுதும். தவிரவும், அரைப்பேர் விழுந்த வீட்டுப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி அரைப்பேரைக் கணக்காகக் கேட்பது எந்த வேளையில் தகும், எந்த வேளையில் தகாது என்பதைக் கையேடு எழுதுகிறவர் அறியமாட்டார். அந்த லயத்தின் வாசலைக் கடந்து பாடசாலைக்கு வரும் ஆசிரியையே அறிவார்.

ஜப்பானியர் மெய்ஜி காலந்தொட்டு ஒரு வழக்கத்தைப் பேணி வருகிறார்கள். ஒருவர் பாடம் நடத்த, சக ஆசிரியர்கள் சுவரோரம் நின்று ஆசிரியரைப் பாராமல் பிள்ளைகளின் கைகளைப் பார்த்து எழுதிக்கொண்டு, பிற்பாடு கூடி அந்த ஒரு பாடத்தை மட்டும் விவாதிப்பார்கள். அதே ஜப்பானின் உதவித் திட்டமொன்று 2000களின் நடுப்பகுதியில் இலங்கைப் பாடசாலைகளுக்குக் கொண்டுவந்தவற்றுள் நூறு கட்டக் கணக்கும் ஒன்று: பத்துக்குப் பத்துக் கட்டத்தில் மேல்வரிசை எண்களையும் பக்கவரிசை எண்களையும் கூட்டி நேரம் பார்த்து நிரப்பும் பயிற்சி. கைவேகத்துக்கு அது நல்லது, நானும் ஆட்சேபிக்கவில்லை. கட்டத்தைத் தபாலில் அனுப்பலாம், சுவரோரம் நிற்கும் அந்தப் பழக்கத்தைத் தபாலில் அனுப்ப முடியாது. நம்மவரிலும் இந்தக் கலையை அறிந்தோர் இல்லாமல் இல்லை. சென்னை முத்தியால்பேட்டையில் கணித ஆசிரியராயிருந்து, இராமானுஜன் நினைவாக ஓர் அரும்பொருட்சாலையும் அமைத்து, 2005இல் மறைந்த பி. கே. சீனிவாசன், சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் ஒன்றைக்கொண்டே ஒரு கூட்டம் ஆசிரியரை நெடுநேரம் கட்டிப்போட வல்லவர். எந்த மாதத்திலும் இரண்டுக்கிரண்டாக நான்கு தேதிகளை எடுத்தால் மூலைக்கு மூலை கூட்டிய தொகை சமமாயிருக்கும்: எட்டும் பதினாறும் இருபத்துநான்கு, ஒன்பதும் பதினைந்தும் இருபத்துநான்கு. ஏன் என்று பிள்ளை கேட்கும்வரை ஆசிரியர் சொல்லலாகாது. ஒரு சதமும் செலவில்லை.

இந்த நாட்டில் ஆசிரிய ஆலோசகரை அண்மையில் ஒரு தனிச் சேவையாகவே ஆக்கியிருக்கிறார்கள்; பாடசாலை மட்ட வாண்மை விருத்திக்கென்று சுற்றறிக்கைகளும் உண்டு. என் கவலை வேறு. வித்தியாதரிசி போய்விட்டார், அவருடைய கதிரை போகவில்லை. வகுப்பின் பின்புறத்தில் ஒரு கதிரை போட்டு, அதில் அமர்ந்தவர் பாடக்குறிப்பைக் கேட்டு வாங்கி, இடாப்பைப் பார்த்து, சுவரில் கற்றல் உபகரணம் தொங்குகிறதா என்று கண்ணோட்டம் விட்டு, லொக் புத்தகத்தில் நான்கு வரி எழுதிக் கையொப்பமிட்டுப் போகும் சடங்கு, எந்தப் பெயரில் வந்தவரையும் தன் வசமாக்கிக்கொள்ளும் சக்தி வாய்ந்தது. அந்தக் கதிரையில் ஒருவர் இருக்கும்போது எந்த ஆசிரியையும் பிழைக்கும் பிள்ளையைக் கரும்பலகைக்கு அழைக்கமாட்டார். சரியாகச் செய்யும் பிள்ளையையே அழைப்பார். பிழை ஒளிந்துகொண்ட பின் ஆலோசனைக்கு அங்கே வேலை ஏது?

நான் பார்த்த நல்ல ஆலோசகர் வகுப்புக்குள் வந்ததும் கதிரையைத் தேடுவதில்லை. பிள்ளைகளின் வாங்கிலே இடம் கேட்டு உட்காருவார். நூற்று இருபத்தைந்தை 10025 என்று எழுதிய ஒரு சிறுவனின் பக்கத்தில் அவர் உட்கார்ந்ததை நினைத்துக்கொள்கிறேன். திருத்தவில்லை, நூறை எழுதச் சொன்னார், எழுதினான், இருபத்தைந்தை எழுதச் சொன்னார், எழுதினான். காதில் கேட்ட கிரமத்திலேயே கை எழுதுகிறது என்பதை வகுப்பாசிரியை எட்டிப் பார்த்து விளங்கிக்கொண்டார். நூறுக்கு ஒரு அட்டை, இருபதுக்கு ஒரு அட்டை, ஐந்துக்கு ஒரு அட்டை வெட்டி, பெரியதன் பூச்சியங்களின் மேல் சிறியதை வைத்து மூடிக் காட்டலாமே என்று யோசனை சொன்னவர் அந்த ஆசிரியையே. பிஸ்கட் பெட்டி அட்டை அன்றைக்கே வெட்டப்பட்டது. இரண்டு தரங்களை ஒரே அறையில் வைத்துக்கொண்டு திண்டாடும் ஓர் ஆசிரியைக்கு, இதற்கு மேல் ஒரு நாளில் ஒருவர் செய்யக்கூடியது அதிகமில்லை. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை கழுத்தை நெரிக்கும்போது இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற ஆட்சேபம் நியாயமானது. பெற்றோரின் ஆசையும் நியாயமானதே. அதற்குப் பதில் என்னிடம் முழுமையாக இல்லை. பிள்ளையின் பிழை இன்னதென்று தெரியாமல் நடத்தப்படும் மாதிரி வினாத்தாள்கள் அதே பிழையைத்தான் இன்னும் வேகமாகச் செய்யப் பழக்குகின்றன என்று மட்டும் சொல்லலாம்.

போத்தல் விவாதம் நடந்த அந்தக் கூட்டத்தில், அயல் தோட்டத்து ஆசிரியர் ஒருவர் ஆறாந்தரத்துக்குப் போகவிருக்கும் மாணவியின் கொப்பியொன்றைக் கொண்டுவந்திருந்தார். இருபத்துமூன்றைப் பதினான்கால் பெருக்கியிருந்தாள்: 92, அதற்கு நேர்கீழே 23, கூட்டுத்தொகை 115. இரண்டாம் வரியில் ஓரிடம் விட்டு எழுத வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன், மறந்துவிட்டாள் என்றார் அவர். நாங்கள் படித்த காலத்தில் அந்த இடத்தில் ஒரு பெருக்கற்குறி போடுவோம், அப்போது மறக்காது என்றார் மூத்த ஆசிரியை. இளையவரோ, அங்கே இருப்பது இருபத்துமூன்றே அல்ல, பத்தால் பெருக்கிய இருநூற்று முப்பது; ஆகையால் பூச்சியத்தை எழுதத்தான் வேண்டும், குறி போடுவது உண்மையை மறைக்கிறது என்று வாதித்தார். பூச்சியம் போடு என்று சொன்னால் அதையும் அர்த்தமில்லாமல்தானே போடுவார்கள் என்று மூத்தவர் விடவில்லை. அவர் சொன்னதிலும் நியாயமிருந்தது. முதலில் இருபத்துமூன்றைப் பத்தால் பெருக்கினால் எவ்வளவு என்று பிள்ளையிடம் கேட்டுப் பார்த்தீர்களா என்று ஆலோசகர் வினவ, கேட்கவில்லை என்றார் கொப்பி கொண்டுவந்தவர். அவிசாவளைக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மூவரும் தத்தம் வகுப்பில் அதைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் எழுதிய தாள்களைத் திருத்தாமல் அப்படியே அடுத்த மாதம் கொண்டுவருவதென்று பேசிக்கொண்டு எழுந்தார்கள். பூச்சியமா குறியா என்ற தர்க்கம் படிக்கட்டில் இறங்கும்போதும் நடந்துகொண்டிருந்தது.